சனி ஞாயிறுப் பட்டம்

வகுப்பு நடத்துகிற டிரெக்டர் சேர் சுவரில் மாட்டிய படத்தில் பனி கொட்டிக் கிடந்தது. பழைய கல் கட்டடம், முன்னால் இலையில்லாத மரங்கள், வாசலில் ஒரு கொடிக்கம்பம். இதுதான் உங்களுடைய பல்கலைக்கழகம் என்றார். நாங்கள் கிளிநொச்சியில், ஏ-ஒன்பது வீதியோரத்து ஹாட்வெயார் கடை ஒன்றின் மேல்மாடியில், தகரக் கூரைக்குக் கீழே வேர்த்து வடிய இருந்தோம். கீழேயிருந்து பெயின்ற் மணம் வந்துகொண்டிருந்தது. எல்லோரும் அந்தப் பனியையே பார்த்தோம்.

"ஆருக்கும் கேள்வி இருக்கோ?" என்று அவர் கேட்டது ஒரு மரியாதைக்கு. பின்வரிசையில் ஒரு கதிரை நகர்ந்தது. ஒரு பெண் எழும்பி நின்றார்.

"சேர், இது எந்த நாட்டில இருக்கு?"

அவர் ஒரு தீவின் பெயரைச் சொன்னார். நாங்கள் யாரும் கேள்விப்படாத தீவு. வெப்பமான கடலுக்கு நடுவில் இருக்கிறது, எங்கள் நாட்டைப் போலவே அழகான நாடு என்றும் சேர்த்துக்கொண்டார்.

"அங்க பனி பெய்யுமோ சேர்?"

சிலர் சிரித்தார்கள். டிரெக்டர் சேரும் சிரித்தார். இது அவர்களின் ஐரோப்பியக் கிளை என்றார். அப்படியென்றால் தலைமைக் கட்டடத்தின் படம் இருக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டார். அடுத்த கிழமை கொண்டுவருவதாகச் சொன்னார். அடுத்த கிழமையும் அவர் எழும்பிக் கேட்டார். அதற்கடுத்த கிழமையும் கேட்டார். சில வாரங்களில் சுவரில் இருந்த பனிப் படமும் காணாமல் போனது.

அக்காவை நான் முதலில் கண்டது அப்படித்தான். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் பின்னாளில் ஒரு விசாரணையில் சொன்ன பதிலைப் பற்றி நான் சொல்லவேண்டியிருக்கிறது. அதனால் அவருக்கு இன்னும் தொந்தரவு வரக்கூடும்.

அப்போது அவருக்கு நாற்பதை நெருங்கும் வயது. முன்பள்ளி ஆசிரியை, ஒரு மகளுக்குத் தாய். மெலிந்த உடம்பு, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய தலைமயிர், சனிக்கிழமைக்கு ஒரு சேலை, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சேலை. கேள்வி கேட்கும்போது குரலை உயர்த்தமாட்டார். கடையில் தக்காளி என்ன விலை என்று விசாரிப்பது போலக் கேட்பார். ஆனால் கேட்டுவிட்டுக் கதிரையில் இருக்கமாட்டார். பதில் வரும்வரை நின்றுகொண்டே இருப்பார். அது பதில் சொல்ல வேண்டியவர்களுக்குப் பெரிய கரைச்சலாக இருக்கும்.

நாங்கள் அந்த மேல்மாடிக்கு வந்து சேர்ந்ததற்கு எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே காரணம்தான். போர் முடிந்த கையோடு சந்திக்குச் சந்தி தொண்டு நிறுவனங்களின் பலகைகள் நின்றன. நானும் அப்படி ஒன்றில் வெளிக்கள வேலை செய்தவள். பிறகு அவர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். பலகைகள் மட்டும் துருப்பிடித்து நின்றன. அதற்குப் பின் வந்த எல்லா வேலை விளம்பரங்களிலும் 'பட்டதாரியாக இருத்தல் வேண்டும்' என்று இருந்தது. நாங்கள் உயர்தரப் பரீட்சையை இடம்பெயர்வில் தொலைத்தவர்கள், அல்லது முகாமிலிருந்து எழுதிக் குறைந்த புள்ளி எடுத்தவர்கள். கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, வயது ஏறியவர்கள். 'வேலை செய்துகொண்டே பட்டதாரி ஆகுங்கள், சனி ஞாயிறு மட்டும்' என்ற நோட்டீஸ் பஸ் நிலையச் சுவரில் ஒட்டியிருந்தது. சமூக அபிவிருத்தியில் இளமாணிப் பட்டம், மூன்று வருடம். கேள்வி கேட்க எங்களுக்கு நேரமும் இருக்கவில்லை, விருப்பமும் இருக்கவில்லை. பதில் பிழையாக வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

அக்காவுக்கு அந்தப் பயம் ஏனோ இருக்கவில்லை. இரணைமடுக் குளத்துக்குக் கீழே ஒரு குடியேற்றத்தில் இருந்து சைக்கிளில் வருவார். அவருடைய தாய் தகப்பன் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து ஒரு கலவரத்துக்குப் பிறகு லொறியேறி வன்னிக்கு வந்தவர்கள். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்த குடும்பம். எங்களுக்கு வயலும் வாய்க்கால் தண்ணீரும் இருந்தன. அவர்களுக்குக் கிடைத்தது மேட்டுக்காணி. குளத்துக்குப் பக்கத்தில் இருந்தும் அந்தத் தண்ணீர் அவர்களுக்கு ஏறாது. என் அம்மா அவரைப் பற்றி, "நல்ல மனிசிதான், ஆனா அவை வேற ஆக்கள்" என்பா. எங்களோடு எங்களைப் போலவே கதைப்பவர், தொலைபேசியில் தாயோடு கதைக்கும்போது மட்டும் "சாப்புட்டீங்களாம்மா, மாத்திர போட்டீங்களா" என்று வேறொரு தமிழுக்குப் போய்விடுவார். அந்தத் தமிழில் அவர் கொஞ்சம் இளமையாகத் தெரிவார்.

ஒருமுறை, ஏன் இப்படி எல்லாவற்றுக்கும் எழும்பி நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எங்கட அப்பா இந்த நாட்டிலதான் பிறந்தவர் பிள்ளை. பிரசாவுரிமைக் கடதாசி இல்லாதபடியா கனகாலம் எந்த நாட்டுக்காரனும் இல்லை. ஒரு ஒபிஸிலயும் வாய் திறந்து ஒண்டும் கேக்கமாட்டார். தோள்ல கிடக்கிற துவாயை எடுத்துக் கையில வைச்சுக்கொண்டு கதவுக்கு வெளியில நிப்பார். உள்ள இருக்கிறவை பாத்துக் கூப்பிட்டாப் போவார். கூப்பிடாட்டி வீட்டை வருவார். அதைப் பாத்துப் பாத்து எனக்கு வாய் வந்திட்டுது."

அந்த வாயால் எனக்கும் ஒன்று நடந்தது. இரண்டாம் வருடம் எனக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. படத்தில் மாப்பிள்ளை ஒரு காரில் சாய்ந்து நின்றார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். தரகர் வந்திருந்த அன்று அக்காவும் ஏதோ நோட்ஸ் வாங்க வந்து, குசினி வாசலில் தேத்தண்ணியோடு நின்றார். கதை முடிகிற நேரத்தில், "தம்பிக்கு இது முதல் கலியாணம்தானே?" என்று கேட்டார். தரகர் சிரித்து மழுப்பினார். அக்கா நின்றுகொண்டே இருந்தார். தரகர், விசாரித்துச் சொல்கிறேன் என்று போனார். பிறகு அவரிடமிருந்து ஒரு கதையும் இல்லை.

அம்மா அக்காவோடு கனகாலம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அந்த மாப்பிள்ளைக்கு முன்னம் கலியாணம் நடந்திருந்ததா, அல்லது கேட்டதே அவர்களுக்குக் கோபமா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அக்கா கேட்டதில் எனக்கு நன்றியா கோபமா என்று நானும் பல தடவை யோசித்திருக்கிறேன். பெரும்பாலும் யோசித்துக் களைத்துவிடுவேன்.

மூன்றாம் வருடம் ஆய்வுக்கட்டுரை எழுத வேண்டும். நாங்கள் பழைய அறிக்கைகளைத் தேடிப் பிடித்து ஏதோ ஒப்பேற்றினோம். அக்கா, தங்கள் குடியேற்றத்துக்குத் தண்ணீர் ஏன் ஏறவில்லை என்று எழுதினார். வேலை முடிந்த பின்னேரங்களில் வீடு வீடாகப் போனார். நீர்ப்பாசனக்காரர்களிடம் போனார். ஒருநாள் நானும் கூடப் போனேன். ஒரு கிழவர், வறண்ட கிணற்றுக் கட்டில் இருந்தபடி அவரைக் கேட்டார்.

"நீ எழுதுனா தண்ணி வருமா புள்ள?"

"வராது அப்பா. ஆனா இன்ன காரணத்தால வரலன்னு எழுதி வச்சா, அடுத்த தடவ அவங்க வேற காரணம் தேடணுமில்ல."

கிழவர் பல்லில்லாத வாயால் நெடுநேரம் சிரித்தார்.

கட்டுரையை ரைப் பண்ணி, கட்டக் கொடுத்து, டிரெக்டர் சேரிடம் ஒப்படைத்தாயிற்று. அதற்குப் பிறகுதான் கட்டுகிற கடைக்காரன் தவறவிட்ட மூன்றாம் அத்தியாயம் முழுவதும் கடை மேசையிலேயே கிடந்தது தெரியவந்தது. அக்கா பதறிப்போய் அந்தத் தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். நானும் அப்போது அலுவலக அறையில் இருந்தேன். அவர் வாயைத் திறக்க முன்னமே டிரெக்டர் சேர் கையை நீட்டி வாழ்த்தினார்.

"வாங்கோ, வாங்கோ. உங்கட ஆய்வுக்கு 'ஏ' போட்டிருக்கிறன். அருமையான வேலை."

"வாசிச்சிட்டீங்களோ சேர்?"

"முழுக்க."

அக்கா பைக்குள் வைத்த கையை வெளியே எடுக்கவில்லை. "மூண்டாம் அத்தியாயம் எப்பிடி சேர்?"

"அதுவும் நல்லா வந்திருக்கு."

அக்கா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். படிக்கட்டில் பாதி இறங்கியதும் நின்றார். "ஒருத்தரும் வாசிக்கேல்லை பிள்ளை," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்தக் கிழவரையும் மற்ற வீட்டுக்காரர்களையும் தான் ஏமாற்றிவிட்டது போன்ற ஒரு முகம்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிகிற நேரம் அவர் எழும்பினார். "சேர், இந்தப் பட்டத்தை எங்கட அரசாங்கம் ஏற்குமோ?"

மூன்று வருடமாக நாங்கள் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. கூரைத் தகரம் வெயிலில் படபடத்தது. டிரெக்டர் சேர் மேசையில் இருந்த பேனையை நேராக்கி வைத்தார். "அங்கீகாரம் பரிசீலனையில் இருக்கு," என்றார்.

அக்கா உடனே கதிரையில் இருந்துவிட்டார். அவர் அவ்வளவு கெதியில் இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பஸ் நிலையம் வரை சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னோடு வந்தார். இறுதிப் போரில், உடையார்கட்டில், விட்டுவந்த சாமான்களை எடுக்கப் போன அவருடைய தம்பி திரும்பி வரவில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னார்.

"தம்பியைப் பற்றி நான் முறைப்பாடு குடுக்காத இடமில்லை. எத்தினை குழு வந்தது, எத்தினை பேர் வந்து எழுதினவை. எல்லா இடத்தாலயும் பதில் போடுவினம். பரிசீலனையில் உள்ளது. அந்தச் சொல்லை நான் நல்லாப் படிச்சிட்டன். அது வந்தா உள்ளுக்க ஒண்டும் இல்லை எண்டு அர்த்தம்." பிறகு சைக்கிளில் ஏறப்போனவர் இறங்கி, "கொழும்புக்குப் போய்க் கேப்பம். நீரும் வாறீரோ?" என்றார்.

போனோம். பல்கலைக்கழகங்களை மேற்பார்க்கிற அலுவலகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். சின்னப் பெண். நாங்கள் கொடுத்த நோட்டீஸை வாங்கி, கம்பியூட்டரில் தேடி, உள்ளே போய் யாரிடமோ விசாரித்து, திரும்பி வந்தது. எங்கள் முகத்தைப் பார்த்ததும் அதற்குச் சொல்ல மனம் வரவில்லை என்பது தெரிந்தது.

"அக்கா, இந்தப் பேர் எங்கட பட்டியல்ல இல்லை. அந்தத் தீவில ஒரு கொம்பனியாப் பதிஞ்சிருக்கினம் போல. யூனிவேர்சிற்றியா அங்கயும் அங்கீகாரம் இல்லை."

"அப்ப நாங்கள் படிச்சது?"

"படிச்சது படிச்சதுதான் அக்கா. அதை ஆரும் எடுக்கேலாது." கொஞ்சம் யோசித்தது. "இதைக் குடுத்து அரசாங்க வேலை கேட்டீங்கள் எண்டா மட்டும் பிரச்சினை."

 திரும்பி வருகிற வழியில், மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று அக்கா ஒருமுறை கேட்டார். 

சனிக்கிழமை, டிரெக்டர் சேர் வரமுன்னம், அக்கா வகுப்புக்கு முன்னால் போய் நின்று சொன்னார். அலங்காரம் இல்லாமல், பார்த்ததையும் கேட்டதையும் அப்படியே சொன்னார். சொல்லி முடிந்ததும் முதலில் எழும்பியவர் மோகன் அண்ணை. இது உண்மையான பெயரல்ல. அரச அலுவலகம் ஒன்றில் எழுதுநர். எங்களுக்குள் நன்றாகப் படிக்கக்கூடியவர், எல்லோருக்கும் ஆங்கிலத்தை விளங்கப்படுத்துபவர். மூன்று பெண் பிள்ளைகள். பட்டம் இருந்தால் அவருக்குப் பதவி உயர்வு காத்திருந்தது.

"உங்களை ஆர் போய்க் கேக்கச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"நீங்கள் கேக்காம இருந்திருந்தா, வாற மாதம் நாங்கள் எல்லாரும் பட்டதாரியள். விளங்குதோ? கேட்டுக் கெடுத்துப் போட்டீங்கள்."

பின்னாலிருந்து ஒரு குரல், "தோட்டக்காட்டுப் புத்தி," என்றது. யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அக்காவும் பார்க்கவில்லை. கேட்கவேண்டியதையெல்லாம் கேட்பவர், அதை யார் சொன்னது என்று கேட்கவில்லை. கதிரையில் கிடந்த பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

டிரெக்டர் சேர் வந்து நிதானமாகவே சமாளித்தார். அது இந்த நாட்டுச் சட்டம், வெளிநாட்டில் இந்தப் பட்டம் செல்லும், கொஞ்ச நாளில் இங்கேயும் வந்துவிடும் என்றார். நம்பிய முகம் ஒன்றும் இல்லை. ஆனாலும் எல்லோரும் தலையாட்டினோம். மூன்று வருடத்தின் சனியையும் ஞாயிறையும் யாராலும் திருப்பி எடுக்க முடியாது.

பட்டமளிப்பு வவுனியாவில் ஒரு கலியாண மண்டபத்தில் நடந்தது. வாடகைக் கறுப்பு அங்கி, தலையில் நிற்காத தொப்பி. மணவறைக்குப் போட்ட அலங்காரத்தைக் கழற்றாமலே முன்னால் ஒரு மேசை வைத்திருந்தார்கள். டிரெக்டர் சேரை அன்றைக்கு 'கலாநிதி' என்று அழைத்தார்கள். அம்மா புதுச்சேலை உடுத்து வந்து அழுதா. பெயர் வாசிக்கும்போது அக்காவின் பெயரையும் வாசித்தார்கள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்கள்.

நான் அந்தப் பட்டத்தை எங்கும் கொடுக்கவில்லை. கூட்டுறவுச் சங்கக் கடையில் கணக்கெழுதப் போனேன், இன்னும் அங்கேதான் இருக்கிறேன். அக்கா முன்பள்ளியிலேயே இருந்தார். வெளிவாரியாக ஒரு நல்ல பல்கலைக்கழகத்தில் பதிந்து படிக்கப் பார்த்தார், ஆங்கிலப் பாடத்தில் இரண்டு முறை விழுந்தார், பிறகு தாய்க்குச் சுகமில்லாமல் போக விட்டுவிட்டார். எங்கள் வகுப்பில் பலர் பட்டத்தைக் கொடுத்துச் சின்னச் சின்ன உயர்வுகள் வாங்கினார்கள். யாரும் சரிபார்க்கவில்லை. மோகன் அண்ணைக்கும் பதவி உயர்வு கிடைத்தது. வீட்டுக்கு முன்னால் ஒரு விறாந்தை இறக்கினார், மூத்த மகளைக் கட்டிக் கொடுத்தார். அக்காவை வீதியில் கண்டால் மோட்டார் சைக்கிளின் வேகத்தைக் கூட்டுவார்.

சில வருடங்கள் போனபின் ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. மோகன் அண்ணை கொடுத்த பட்டம் செல்லாது என்று அவருடைய திணைக்களத்துக்கு யாரோ எழுதியிருந்தார்கள். விசாரணை தொடங்கிவிட்டது. செல்லாது என்று தெரியாமல் கொடுத்திருந்தால் உயர்வைப் பறிப்பதோடு விட்டுவிடுவார்கள். தெரிந்தே கொடுத்திருந்தால் வேலையே போய்விடும். கூடப் படித்தவர்கள் சிலரைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கும் வந்தது, அக்காவுக்கும் வந்தது.

எழுதியது அக்காதான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். மோகன் அண்ணை ஒரு பின்னேரம் சங்கக் கடைக்கு வந்து, அக்காவின் வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். தனியப் போக அவரால் முடியவில்லை.

அக்கா முற்றத்தில் கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையைக் கழுவி, பிளாஸ்ரிக் கதிரைகளைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணி கொண்டுவந்தார்.  மோகன் அண்ணை நரைத்துப்போயிருந்தார். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"நீங்களோ எழுதினது?" என்றார் கடைசியில்.

"பேர் போடாம நான் ஒண்டும் எழுதமாட்டன் மோகன்."

அவர் தலையாட்டினார். அதை நம்பினார் என்று நினைக்கிறேன். பிறகு, "நீங்கள் எங்களுக்குச் சொன்னனீங்கள்," என்றார். "எல்லாருக்கும் முன்னால நிண்டு சொன்னனீங்கள். அதை அங்க கேப்பினம்."

"கேப்பினம்."

"எனக்கு இன்னும் ரெண்டு பிள்ளையள் இருக்கு அக்கா."

அவர் அக்காவை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அக்கா, இருட்டுகிறது, யானை இறங்குகிற வழி, நேரத்தோடு போங்கோ என்று மட்டும் சொல்லி எங்களை அனுப்பினார். திரும்பும் வழியில் மோகன் அண்ணை, "அவா உண்மையைத்தான் சொல்லுவா. அவாவில பிழையில்லை," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்.

விசாரணை அதிகாரி ஓய்வுக்குக் கிட்டிய வயதுக்காரர். மரியாதையானவர். எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார். என்னை முதலில் கேட்டார்.  பழைய கதை, வடிவாக நினைவில்லை என்று ஏதோ சொன்னேன். அவர் அதை எழுதவும் இல்லை. அக்காவின் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் சொல்லுங்கோ அம்மா. இந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் இல்லை எண்டு அப்பவே உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது ஐயா."

நான் அவரைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"மோகனுக்கு?"

"அவருக்கும் தெரியாது. எங்களில ஒருத்தருக்கும் தெரியாது."

"மூண்டு வருசம் படிச்சிருக்கிறீங்கள். ஒருத்தரும் போய் விசாரிக்கேல்லையோ?"

"இல்லை ஐயா. ஒருத்தரும் கேக்கேல்லை."

அதிகாரி பேனையை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு உண்மையாகவே மனவருத்தம். "நீங்கள் ஒரு ஆசிரியை. சின்னப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறீங்கள். பட்டதாரி ஆகப்போற ஆக்கள், இது செல்லுமோ எண்டு ஒரு கேள்வி, ஒரேயொரு கேள்வி கேக்கத் தெரியாமல் போச்சுதே அம்மா?"

அக்கா தலை குனிந்தார். "தெரியாமல் போச்சுது ஐயா," என்றார்.

அதிகாரி எழுதினார். அக்கா வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வைத்தார்.

மோகன் அண்ணையின் உயர்வைப் பறித்துப் பழைய இடத்திலேயே விட்டார்கள். வேலை போகவில்லை. மொட்டைக் கடிதம் யார் எழுதியது என்று கடைசிவரை தெரியவில்லை. ஹாட்வெயார் கடை மேல்மாடியில் இப்போது ஒரு தையல் வகுப்பு நடக்கிறது. டிரெக்டர் சேர் வேறொரு ஊரில் வேறொரு பெயரில், பலகையில் இன்னும் பெரிய எழுத்தில் நடத்துகிறார் என்று கேள்வி. அக்கா மகளோடு வவுனியாப் பக்கம் போய்விட்டார். அவர் போன பிறகு அந்தக் குடியேற்றத்தில் அலுவலகங்களுக்குப் போய்க் கேட்க ஆளில்லை என்கிறார்கள்.

அன்றைக்கு வெளியே வந்தபோது நல்ல மத்தியானம். பஸ் தரிப்பிடத்தில் போய் இருந்தோம். கொஞ்சம் பொறுத்து என்னால் அடக்க முடியவில்லை. "ஏன் அக்கா அப்பிடிச் சொன்னீங்கள்?" என்றேன்.

"எத்தினை மேசையில எத்தினை உண்மை குடுத்திருக்கிறன் பிள்ளை. எல்லாத்தையும் எழுதி, பைலுக்க வைச்சுக் கட்டிப்போட்டு அனுப்பினவை. இதையும் குடுத்தா, இது மட்டும் வேலை செய்யும். அந்தாளின்ர சாப்பாட்டில போய் வேலை செய்யும்." அவர் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார். "என்னால ஏலாது. களைச்சுப் போனன்."

மோகன் அண்ணை தூரத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். அக்கா உள்ளே சொன்னது அவருக்கு அதற்குள் தெரிந்திருக்க வேண்டும்.  "கொண்டுபோய் விடட்டோ அக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"வேண்டாம் தம்பி. பஸ் வரும்."

அவர் போகவில்லை. நாங்கள் இருந்த மர வாங்கின் மற்ற முனையில் அமர்ந்தார். பஸ் வரவில்லை. அக்கா தூணில் தலையைச் சாய்த்து அப்படியே நித்திரையாகிவிட்டார், வாய் சற்றே திறந்தபடி. வெயில் திரும்பி அவருடைய முகத்தில் விழத் தொடங்கியது. மோகன் அண்ணை எழும்பிப் போய் அந்தப் பக்கமாக, முதுகில் வெயில் பட, நின்றார். பஸ் வரும்வரை நின்றார்.